அக்கா வீட்டுக்கு ஒரு நோட்டீஸ்

பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றபோது பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரன், பொழுது விடிந்த பிறகும் சின்னவளின் காதுக்குள் அலறிக்கொண்டிருந்தது.

நேற்று மாலை நடந்தது அது. வண்டி இரண்டு தடவை குலுங்கி, ஒரு பெருமூச்சு விட்டு, நடுப்பாலத்தில் அணைந்துபோனது. லாரி ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றதாகக் கணவரிடம் சொல்லியிருந்தாள். உண்மையில் அந்த நேரத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஒரு முழமா, ஒரு சாணா என்பது லாரிக்காரருக்குத்தான் தெரியும்.

அதே வண்டி. அதே கோளாறு. அதே ஒர்க்‌ஷாப்பில் நாலு தடவை பழுது பார்த்தாகிவிட்டது. அந்த ஒர்க்‌ஷாப் அக்கா வீட்டுக்காரருடையது.

அங்கேதான் சிக்கல். வேற்று ஆளாக இருந்தால் இரண்டாம் தடவையே சட்டையைப் பிடித்திருப்பாள். மாமா என்று கூப்பிடுகிறவரின் சட்டையை எப்படிப் பிடிப்பது? ஒவ்வொரு தடவையும் பில்லைக் கட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்து வந்தாள். நேற்றுதான் பாலத்தில் நின்றபடியே போனில் வெடித்துவிட்டாள்.

"இனிமே கோர்ட்டுல பாத்துக்கலாம் மாமா!"

இப்போது அந்த வெள்ளைக் கார் குடியிருப்பின் கீழே, கயிறு கட்டி இழுத்து வந்த நிலையில், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. சின்னவள் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். முடங்கிய காலையும் மடங்காத முட்டியையும் தேடி வீடு வீடாகப் போகிறவள். மெஷின் பெட்டி, உருளை, பெரிய ரப்பர் பந்து எல்லாம் அந்த வண்டிக்குள்ளேதான். அதுதான் அவளுடைய கிளினிக். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது.

"வேற ஒர்க்‌ஷாப்புல குடுத்துச் சரி பண்ணிக்கலாம். சொந்தத்துக்குள்ள எதுக்கு?" என்றார் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். டீயை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"சொந்தம்னா ஏமாத்தலாமா?"

"ஏமாத்தினார்னு யார் சொன்னா? கண்டுபிடிக்கத் தெரியலைன்னு வெச்சுக்கோயேன்."

"ஊரே அவர்கிட்டதானே வண்டி விடுது. என் வண்டி மட்டும் எப்படிங்க சரியாகாம போகும்?"

வாத்தியார் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நாலு தடவையும் நீ அங்க போயிட்டு வந்து வண்டியைப் பத்தி ரெண்டு வார்த்தைதான் சொன்னே. உங்க அக்கா ரூம்ல புதுசா வாங்கிப் போட்டிருக்கிற சோபாவைப் பத்தி ராத்திரி பூரா சொன்னே."

அவள் டீயைத் தொடவில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். ஒர்க்‌ஷாப்பின் முன்பக்கம் கண்ணாடித் தடுப்பு போட்ட குளுகுளு அறை. அதில் கல்லாவுக்குப் பின்னால் அக்கா. மாடியில் வீடு. வெயிலில் அலைய வேண்டாம், நோயாளியின் காலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ள வேண்டாம். மாலையானால் மாமாவே கையைக் கழுவிக்கொண்டு வந்து அவளுக்கு டீ போட்டுக் கொடுப்பார். அக்கா உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வரும். சின்னவள்தான் எல்லா இடத்துக்கும் போக வேண்டும்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "பெரியவளைப் பாரு" என்பதுதான் அம்மாவின் வாயில் எப்போதும் புரளுகிற சொல். பெரியவள் உட்காருவதைப் பாரு. பெரியவள் பேசுவதைப் பாரு. பார்த்துப் பார்த்தே சின்னவளுக்குக் கண் பூத்துவிட்டது.

போன் அடித்தது. அம்மா. அவள் இருப்பதும் பெரியவள் வீட்டில்தான்.

"கோர்ட்டு கீர்ட்டுன்னு கத்தினியாமே மாப்பிள்ளைகிட்ட?"

"வண்டி நடுப்பாலத்துல நின்னுச்சும்மா. பின்னாடி லாரி..."

"வண்டின்னா நிக்கத்தான் செய்யும். அதுக்காக வீட்டு மனுஷன் மேல கேஸ் போடுவாளா ஒருத்தி? அவ நல்லா இருக்கறது உனக்குப் பொறுக்கலை. பொறாமைடி உனக்கு. வேற ஒண்ணும் இல்ல."

லாரி எவ்வளவு கிட்டே வந்தது என்று அம்மா கேட்கவே இல்லை. போனை வைத்த பிறகுதான் சின்னவளுக்கு அது உறைத்தது.

●

வக்கீலம்மாவுக்கு வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேலே போக மறுத்தது. "மேஜையைத் தட்டிப் பேச முடியலை. பாதி கேஸ் அதுலதான் ஜெயிச்சேன்" என்பது அவருடைய குறை. சின்னவள் வாரம் மூன்று நாள் போய் அவரைச் சுவரோடு நிற்க வைத்து, விரல்களைச் சுவரில் மேலே நடத்தச் சொல்லுவாள். இன்று பஸ்ஸில் போய் இறங்கினாள்.

"எறும்பு ஏறற மாதிரி மேடம். இன்னும் கொஞ்சம் மேல."

"எறும்பு பாதி வழியில செத்துடும் போலிருக்கு. நீங்க ஏதாவது பேசுங்க. எங்க உங்க கார்?"

சின்னவள் சொன்னாள். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. முதல் தடவை ஃபில்டரை மாற்றினார்கள். இரண்டாம் தடவை, பெட்ரோல் டேங்குக்குள்ளே இருக்கிற பம்ப் போய்விட்டது, புதிதாகப் போட்டோம் என்று பில் கொடுத்தார்கள். பிறகும் நின்றது. ஒயரிங் என்றார்கள். பிறகும் நின்றது. சென்சார் என்றார்கள். நேற்று பாலம்.

வக்கீலம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "நாலு பில்லும் வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"மாத்தின பழைய சாமான்களைக் காட்டச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேக்கலை. மாமாவாச்சேன்னு..."

"மாமாதான். பில் போடும்போது மாமாவாவா போட்டார்?" கை இன்னும் ஓர் அங்குலம் ஏறியது. "கேளுங்க. இனிமே வண்டியை அவங்ககிட்ட விடாதீங்க. வேற மெக்கானிக்கும் தொட வேண்டாம். தொட்டா, அவன்தான் கெடுத்தான்னு சொல்லிடுவாங்க. சம்பந்தமில்லாத ஆள் ஒருத்தரை வெச்சுப் பிரிச்சுப் பாத்து, என்ன கோளாறுன்னு எழுத்துல வாங்கணும். பாக்கறோம், வந்து நில்லுங்கன்னு உங்க மாமாவுக்கும் சொல்லிடுங்க. வரலைன்னா அது அவர் பாடு. அப்புறம் நோட்டீஸ். ஒரே கோளாறை நாலு தடவை பாத்தும் சரி பண்ணலை, வாங்கின பணத்தைத் திருப்பு, வெளியில சரி பண்ற செலவைக் குடு, வேலைக்குப் போக முடியாத நஷ்டத்தைக் குடுன்னு கெடு வெச்சுக் கேக்கறது. பதில் சொன்னா உக்காந்து பேசி முடிச்சுக்கலாம். சொல்லலைன்னா நுகர்வோர் கோர்ட்டு. அங்க என்னை மாதிரி ஆள்கூட வேணும்னு இல்ல. நீங்களே நின்னு பேசலாம்."

"அவ்வளவுதானா?"

"இன்னும் என்ன வேணும்?"

"ஒர்க்‌ஷாப்பை மூட வைக்க முடியுமா மேடம்?"

எறும்பு நின்றது. வக்கீலம்மா திரும்பிப் பார்த்தார். சின்னவள் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, முகம் சிவந்தாள்.

"கேஸ் வண்டிக்கா? அக்காவுக்கா?"

சின்னவள் அவருடைய தோளைப் பிடித்துவிடுகிற சாக்கில் பின்னால் போய் நின்றுகொண்டாள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாத சேதி அது. "எனக்கு அவளைப் பாத்தா வயிறு எரியும் மேடம். சின்ன வயசுலேர்ந்தே. இப்ப நான் என்ன கேட்டாலும், இது அந்த எரிச்சல்தான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு."

"எரியட்டுமே. பொறாமைப்படறவங்களுக்கு உரிமை கிடையாதுன்னு எந்தச் சட்டத்துலயும் எழுதலை" என்றார் வக்கீலம்மா. "ஆனா நோட்டீஸ்ல வண்டியைப் பத்தி மட்டும்தான் எழுதுவேன். உங்க வயித்தைப் பத்தி எழுத மாட்டேன். சரியா?"

●

வக்கீலம்மாவே போன் போட்டு ஏற்பாடு செய்த பரிசோதகர் பிற்பகலில் வந்தார். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விபத்து வண்டிகளைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறவர். மாமாவுக்கு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. ஒல்லியான மனிதர். யாரோ கடன் கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் வாயை இறுக்கி மூடியிருந்தார்.

சின்னவள் மாமாவுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பியிருந்தாள். பதில் வந்தது: 'உங்கம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்மா. பாத்துட்டு என்னன்னு எனக்கும் சொல்லு.' அந்த நிதானம் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திருட்டு முழி முழித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பரிசோதகர் பின் சீட்டைத் தூக்கினார். அடியில் ஒரு மூடி. அதைத் திருகி எடுத்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று எழும்பியது. உள்ளே கையை விட்டு, ஒரு கைமுழ நீளத்துக்குப் பம்பை மெல்ல உருவி எடுத்தார். துணியை விரித்து அதன்மேல் வைத்தார்.

"புதுசுன்னு பில் போட்டிருக்காங்களா?"

"ஆமா."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எழுதித்தான் குடுப்பேன். நீங்களே பாருங்க." துணியால் பம்பின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு விரலால் காட்டினார்.

தயாரித்த வருஷம் அச்சடித்திருந்தது. சின்னவள் இரண்டு தடவை படித்தாள். அவள் அந்தக் காரை வாங்குவதற்கும், ஏன், அந்தக் காரே தொழிற்சாலையில் பிறப்பதற்கும் வெகு காலம் முந்தைய வருஷம்.

எந்தக் காயலான் கடை வண்டியிலிருந்தோ கழற்றிய பம்ப். சூடானால் அதற்கு மூச்சு வாங்கும். ஏற்றத்தில் அறவே இழுக்காது. ஆறினால் மறுபடி ஓடும்.

சின்னவளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. முதலில் கோபம் என்றுதான் நினைத்தாள். படியேறி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான், அதில் பாதி சந்தோஷம் என்று தெரிந்தது. அப்படியா சேதி! அந்தக் கண்ணாடி அறை, அந்த சோபா, எல்லாம் இப்படி வந்ததுதானா? ஊர் மெச்சும் மாப்பிள்ளை மச்சினியிடமே கை வைத்திருக்கிறார். இந்தக் காகிதத்தைப் படிக்கும்போது அக்காவின் முகம் எப்படிப் போகும்? அம்மா அப்போது யாரைப் பாருன்னு சொல்லுவாள்?

பரிசோதகரின் அறிக்கையைப் படமெடுத்து அனுப்பியதும் வக்கீலம்மாவின் அலுவலகம் நோட்டீஸை இரண்டு பிரதி அடித்து ஆளிடம் கொடுத்தனுப்பியது. தபாலில் போனாலே போதும் என்றார் வக்கீலம்மா.

"கையில குடுக்கலாமா மேடம்?"

"முகத்தைப் பாக்கணுமாக்கும். சரி, குடுங்க. வாங்கிக்கிட்டேன்னு ஒரு பிரதியில கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

சின்னவள் முகம் கழுவினாள். தலையை வாரினாள். பீரோவைத் திறந்து இருப்பதிலேயே நல்ல உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பள்ளி விட்டு வந்த வாத்தியார் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"நோட்டீஸ் குடுக்கப் போறியா, விருந்துக்குப் போறியா?"

"ரெண்டும்தான்" என்றாள்.

●

ஒர்க்‌ஷாப்பில் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தூக்கி நிறுத்திய ஒரு வண்டியின் வயிற்றுக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மாவைக் கூட்டிப்போன மாமா இன்னும் திரும்பவில்லை. கண்ணாடி அறையில் அக்கா மட்டும்.

"வாடி. உக்காரு. என்ன, ஜொலிக்கறே?" அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு சின்னவளுக்குப் பழக்கம். கல்லாவுக்குப் பின்னாலிருந்து வருகிற சிரிப்பு. "மாமா வர நேரம்தான். வண்டிக்கு என்னவாம்?"

சின்னவள் சோபாவில் உட்காரவில்லை. நோட்டீஸைக் கல்லா மேல் வைத்தாள்.

"படி."

அக்கா படித்தாள். முதல் பத்தியில் அவள் முகம் மாறவில்லை. பில் விவரங்களிலும் மாறவில்லை. சின்னவள் விழுங்கிவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் அக்காவின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"லாரியா?"

"ஏன், மாமா சொல்லலையா?"

"வண்டி நின்னுடுச்சு, நீ கத்தினேன்னு சொன்னார். லாரின்னு சொல்லலை." அக்கா நிமிர்ந்தாள். "எவ்வளவு கிட்ட வந்துச்சு?"

காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. சின்னவள் தயாராக வைத்திருந்த முழத்தைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். "தெரியாது. நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

அக்கா காகிதத்தைக் கீழே வைத்தாள். வெளியே யாரோ விளக்கை அணைத்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "வரோம்மா" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"அந்தப் பம்பை நான்தாண்டி எடுத்துக் குடுத்தேன்."

சின்னவளுக்குப் புரியவில்லை.

"சாமான் வாங்கறதும் எடுத்துக் குடுக்கறதும் என் வேலை. உனக்குன்னு புதுசு வந்தது. அன்னிக்கே இன்னொருத்தர் அவசரம்னு நின்னார். உன்னோடதை அவருக்குக் குடுத்துட்டு, கழட்டி வெச்சிருந்த பழசு ஒண்ணைத் துடைச்சு உன் வண்டிக்குக் குடுத்தேன். ஆளுங்க நான் குடுத்ததை மாட்டுவாங்க. உன் மாமாவுக்குத் தெரியாது. பம்ப் புதுசுங்கற நம்பிக்கையில அந்த மனுஷன் ஒயரைப் பாத்தார், சென்சாரைப் பாத்தார், தலையைப் பிச்சுக்கிட்டார்."

"சரி, அவசரத்துக்குப் பண்ணே. அப்புறம் புதுசு வாங்கி மாத்தியிருக்கலாமே? ரெண்டு தடவை வந்தேனே!"

"மாத்தியிருக்கலாம்."

"ஏன் மாத்தலை?"

அக்கா கல்லாவின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நீ வந்து அந்த சோபாவுல உக்காந்து, 'அக்கா, வண்டி ஆச்சா'ன்னு கேக்கறது எனக்குப் பிடிச்சிருந்தது."

சின்னவள் திரும்பி அந்த சோபாவைப் பார்த்தாள்.

"நீ கார் வாங்கின அன்னிக்கு அம்மாவை முன் சீட்டுல ஏத்திக்கிட்டு இங்க வந்தே, ஞாபகம் இருக்கா? இறங்கினவ இந்த ஒர்க்‌ஷாப் ஆளுங்க அத்தனை பேர்கிட்டயும் சொன்னா. 'என் சின்னவ சொந்தமா சம்பாதிச்சு வாங்கினது'ன்னு. ஒரு வாரம் சொன்னா. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொன்னா. எனக்கு இங்க..." அக்கா நெஞ்சுக்குக் கீழே கையை வைத்தாள். "இத்தனை வண்டி வந்து போகுது. ஒண்ணுலயாவது நான் ஸ்டீரிங்கைப் பிடிச்சிருக்கேனா? கேட்டா, 'உனக்கு எதுக்கு, நான் இருக்கேன்ல'ன்னு சிரிப்பார்."

"அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரியும்" என்றாள் சின்னவள், தன்னை அறியாமல். "எங்க வீட்டு வாத்தியார் ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்காரா? பஸ் நம்பர் சொல்லுவார்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

சின்னவளுக்குள் ஒரு விசித்திரமான இனிப்பு ஊறிக்கொண்டிருந்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். அதுவும் அக்கா. வெயிலில் அலைந்து, அடுத்தவர் முட்டியைப் பிடித்துவிடுகிற தன்னைப் பார்த்து! இந்த ஒரு வார்த்தையை நாற்பது வயதில் கேட்பதற்காக ஒரு லாரிக்கு முன்னால் கண்ணை மூட வேண்டியிருந்தது. லாரியை நினைத்ததும் இனிப்பு நாக்கிலேயே கசந்தது.

"நான் செத்திருப்பேன்கா." சொல்லும்போதே சின்னவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"தெரியும்டி. இப்பதான் தெரியும்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டீஸைத் தன் பக்கம் திருப்பினாள். "இதுல தப்பு இருக்கு. உன் மாமா பேரைப் போட்டிருக்கீங்க."

"உரிமையாளர் பேருக்குத்தானே அனுப்பணும்?"

"அதைத்தான் சொல்றேன். ஒர்க்‌ஷாப் அவர் பேர்ல இல்ல. ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து என் பேர்லதான் இருக்கு."

சின்னவள் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். தூக்கி நிறுத்திய வண்டி, சுவர் நிறைய மாட்டிய சாவிகள், அலமாரி அலமாரியாகச் சாமான்கள், மாடிக்குப் போகும் படி. இத்தனையும் அக்கா பேரிலா! ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான், பாவம், ஸ்டீரிங் பிடிக்கத் தெரியாதவள் என்று மனசு இளகியிருந்தது. அதற்குள் பழைய தீ குபுக்கென்று பற்றிக்கொண்டது. தனக்கென்று இருப்பது ஒரு வெள்ளைக் கார். அதுவும் பம்ப் இல்லாமல் நிற்கிறது.

"அவர் ஒண்ணும் பண்ணலை. அவர் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுது" என்றாள் அக்கா.

"வக்கீலம்மா திட்டுவாங்க. நாளைக்குப் புதுசா அடிச்சுக் கொண்டுவரேன்."

"நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்காது. எழுது."

பேனாவையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். சின்னவள் இரண்டு பிரதியிலும் மாமாவின் பேரைக் கோடிட்டு அடித்தாள். பள்ளிக்கூட நாளில் அக்கா படித்து முடித்த புத்தகங்கள்தான் அவளுக்கு வரும். முதல் பக்கத்தில் அக்காவின் பேரை அடித்துவிட்டுத் தன் பேரை எழுதுவாள், ஒவ்வொரு வருஷமும், பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி. அக்காவின் பேரை இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறாள். இப்போதும் அழுத்தியே எழுதினாள். அதன் பக்கத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். சின்னவளின் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று அடியிலும் எழுதினாள்.

"கோர்ட்டுல கேட்டா மறைக்க மாட்டேன்" என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணே ஒண்ணு. உன் மாமாகிட்ட நானே சொல்லணும். இன்னிக்கு ராத்திரி, அம்மா தூங்கினப்புறம், நான் சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே. அவருக்கு இந்த ஒர்க்‌ஷாப்தான் மானம். அடுத்தவ வாயால அவர் இதைக் கேக்கக் கூடாது."

"அடுத்தவளா நான்?"

"நோட்டீஸ் குடுத்துட்டே இல்ல?"

சின்னவள் தலையை ஆட்டினாள். "சரி. சொல்லலை."

மனசாரத்தான் சொன்னாள். தன் பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைக்கப் போனபோது வாசலில் கார் வந்து நின்றது. மாமா ஷட்டரை ஏற்றிவிட்டு, அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். சொட்டு மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மா அறைக்குள் நுழைந்தாள்.

அறையில் இரண்டு மகள்கள் நின்றார்கள். இரண்டு பேருமே அழுதிருந்தார்கள். அம்மா நேரே பெரியவளிடம் போனாள்.

"ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்கு? என்ன சொன்னா இவ உன்னை?" மங்கலான கண்ணோடு பெரியவளின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் சின்னவள் பக்கம் திரும்பினாள். "வயித்தெரிச்சலைக் கொட்டிட்டியா? இப்ப ஆறிடுச்சா உனக்கு?"

அக்கா, "அம்மா, அவ ஒண்ணும்..." என்று ஆரம்பித்தாள். அம்மா அவளைப் பேச விடாமல் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

சின்னவள் தன் கையிலிருந்த நோட்டீஸ் தாளைப் பார்த்தாள். மாமாவின் பேரை அடித்த இடத்தில் அக்காவின் பேரும் கையெழுத்தும்.

"விடுங்க அத்தை, நம்ம பொண்ணுதானே" என்றார் மாமா. அவர் குரலில் கோபமே இல்லை. சின்னவளிடம் வந்து கையை நீட்டினார். "பிரிச்சுப் பாத்தாரா அந்த ஆளு? என்னம்மா எழுதியிருக்கார்? குடு, பாக்கலாம். எனக்கும் தெரியணும், எங்க தப்பு விட்டேன்னு."

அம்மாவின் தோளுக்கு மேலே அக்காவின் கண்கள் சின்னவளைப் பார்த்தன. வேண்டாம் என்று ஒரு தடவை அசைந்தது தலை.

அம்மாவின் கை இன்னும் பெரியவளின் கன்னத்தில்தான் இருந்தது.

சின்னவள் தாளைப் பிரித்து மாமாவின் கையில் கொடுத்தாள்.

அவர் விளக்குக்குக் கீழே போய் நின்று, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.